கடைசி லேனில் விட்டது

ஜூன் 3

அக்கா,

கோபம் தீர்ந்து எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. தீரவில்லை. ஏறிய அன்றே எல்லாருடைய கைபேசியையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். வீட்டுக்குக் கடிதம் மட்டும் எழுதலாம், அதுவும் சாமான் கொண்டுவரும் படகு வந்தால்தான் போகும். எழுதாவிட்டால் நீ போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிடுவாய் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

உல்லாசக் கப்பலில் பயிற்சி முகாம் என்றதும் 'ஊர் சுத்தப் போறா மகாராணி' என்றாயே, வந்து பார். ஆட்டம் பாட்டத்துக்குக் கட்டிய கூடத்தில் குத்துச்சண்டை மேடை போட்டிருக்கிறார்கள். மேல்தளத்தைச் சுற்றி ஓடுவதற்கு டிராக். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் நீள வராந்தாவில் அம்பு விடப் பழகுகிறார்கள், சிவப்பு விளக்கு எரிந்தால் பசியோடு நிற்கவேண்டியதுதான். எங்கள் அறைக்குக் கீழே எடை தூக்கும் கூடம். கப்பல் சாயும்போது அங்கே இருக்கும் இரும்பெல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்து முனகும். நீச்சல் குளம் பின்தளத்தில். கடல் தண்ணீரைத்தான் வடிகட்டி நிரப்புகிறார்கள். கப்பலோடு தண்ணீரும் சாய்கிறது, போகும்போது மேடு ஏறுவதுபோல இருக்கும், திரும்பும்போது யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல இருக்கும். எந்தத் துறைமுகத்திலும் நிற்பதில்லை. கரை கண்ணில் பட்டால் கவனம் சிதறுமாம்.

எங்கள் கோச் ஓர் அம்மா. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், ஊதிப் பார்த்தவர் யாரும் இல்லை. விசிலம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். என் அறையில் இன்னொரு பெண் இருக்கிறாள், நெடுந்தூர ஓட்டக்காரி. கட்டில் தலைமாட்டில் மகன் படத்தை ஒட்டிவைத்துக்கொண்டு அதனோடு பேசுவாள். என்னை இங்கே யாரும் கொக்கு என்று கூப்பிடுவதில்லை. 'நாலாவது லேன்' என்கிறார்கள். தண்ணீரில் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறேன் என்று நீ வைத்த பெயரைக் கேட்காமல் காது நிம்மதியாக இருக்கிறது.

தேர்வுப் போட்டியில் கடைசி நேரத்தில் தலையைத் தூக்கி கேலரியில் உன்னைத் தேடினேன். அதில்தான் தோற்றேன். ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அத்தனை பேர் முன்னால் 'மெடல் என்ன என் மூஞ்சியிலயா ஒட்டியிருக்கு' என்று கேட்பாயா? கோச்சாகக் கேட்டாய் என்றால் அக்கா அன்றைக்கு எங்கே போயிருந்தாள்?

செப்டம்பரில் மறுபடி தேர்வு. அதற்குத்தான் கப்பல் கரைக்கு வரும். ஜெயித்துவிட்டுத்தான் உன் முகத்தில் விழிப்பேன்.

கொக்கு

(பழக்கதோஷம். அடித்துவிட்டு எழுதத் தாள் இல்லை.)


ஜூன் 19

அடியே கொக்கு,

உன் கடிதத்தை மாமாதான் முதலில் பிரித்தார். படித்தார், என் கையில் கொடுத்துவிட்டு நம் குளத்துப் பம்ப் அறைக்குப் போய்விட்டார். அந்த மனுஷனுக்குப் பெண்டாட்டியிடம் எதையாவது சொல்லப் பயமாக இருந்தால் உடனே பம்பில் ஏதோ சத்தம் கேட்கும்.

மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதே. கத்தியது தப்பாகவே இருக்கட்டும், சொன்னது தப்பில்லை. சுவரைத் தொட ஒரு கை தூரம் இருக்கும்போது யாராவது வேடிக்கை பார்ப்பார்களா? அந்தக் கழுத்தை நான் எத்தனை வருஷமாகத் திருத்திப் பார்த்தேன். கெஞ்சினேன், மிரட்டினேன், கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் போய்க்கூட நின்றேன். தூணைப் பார்த்துக்கொண்டு நீந்தினாய்.

உன் விசிலம்மாவிடம் சொல். இடது முழங்கை தாழும், சுவரிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட கை, அதை ரொம்ப வதைக்க வேண்டாம். பலகை மேல் நின்று, சைகை கிடைத்ததும் குதிக்காமல் ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் குதிப்பாய். அப்பா போய்விட்டார் என்று பள்ளிப் போட்டியில் பலகையிலிருந்தே உன்னைக் கூப்பிட்டு இறக்கினார்களே, அன்றிலிருந்து வந்த பழக்கம். அதை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் அந்தக் கழுத்தை மட்டும் அவர் சரிசெய்துவிட்டால் கப்பலுக்கே வந்து அவர் காலில் விழுகிறேன். எழுதிக் கொடுத்துவிட்டேன், காட்டு.

இங்கே எல்லாம் அப்படியேதான். சின்னப் பிள்ளைகள் வகுப்பு நிரம்பி வழிகிறது, தண்ணீரைவிட எச்சில்தான் அதிகம் குளத்தில். நீ நீந்தும் கடைசி லேனில் வேறு யாரையும் விடவில்லை என்று உனக்கு எழுதச் சொன்னார் மாமா. உருகிவிடாதே. கயிறு அறுந்து கிடக்கிறது, அதனால் விடவில்லை.

சாப்பிடு. தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா


ஜூலை 6

அக்கா,

உனக்கு ஒரு செய்தி. முழங்கை தாழவில்லை. நிஜமாகவே. நீ தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது ஒரே காலையில் நடந்துவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன், நீயும் உன் பிள்ளைகளுக்குச் செய்து பார்க்கலாம். இங்கே குறையைத் திருத்துவதில்லை. குளத்தில் கடைசி லேனில் யாரும் பயிற்சி செய்யக் கூடாது, அது காலியாகவே இருக்கும். நம் குறை எதுவோ அதை வைத்துக்கொண்டே அந்த லேனில் ஒருமுறை நீந்தவேண்டும். கொஞ்சம் மறைத்து, கொஞ்சம் சமாளித்து எல்லாம் கூடாது, எவ்வளவு மோசமாக முடியுமோ அவ்வளவு மோசமாக. சுவரைத் தொட்டு ஏறிவிடவேண்டும். அப்புறம் அந்த லேனை எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. 'திருத்துனா திரும்ப வரும்மா. முழுசா செஞ்சு அங்கயே விட்டுட்டு வந்துடணும்' என்றார் விசிலம்மா. இதற்குப் பெயரே விடுவதுதான். 'நீ விட்டாச்சா?' என்று சாப்பிடும்போது ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. முழங்கையைத் தரையில் இழுபடும் துணிபோல இழுத்துக்கொண்டு நீந்தினேன். மறுநாள் நாலாவது லேனில் இறங்கினால் கை தானாக எழும்புகிறது. தோளில் வலியே இல்லை. உன் வெந்நீருக்கு வேலை இல்லை.

ஓட்டக்காரியும் விட்டுவிட்டாள். அவள் ஓடும்போது மெல்ல முனகிப் பாடுவாள், மகனைத் தூங்கவைத்துத் தூங்கவைத்து ஒட்டிக்கொண்ட பழக்கம், மூச்சு வீணாகும். மேல்தள டிராக்கின் வெளிவட்டத்தில் பாடிக்கொண்டே ஓடி விட்டுவிட்டு வந்தாள். இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறாள். ஒன்றுதான் கொஞ்சம் ஒருமாதிரி இருக்கிறது. சாயங்காலம் மேல்தளத்தில் துணி எடுக்கப் போனால் வெளிவட்டத்தில் அந்த முனகல் கேட்கிறது. காற்று கயிறுகளில் படும் சத்தமாக இருக்கும்.

உன் கடிதத்தில் ஒன்று புரியவில்லை. சுவர் என்று எழுதியிருக்கிறாயே, எந்தச் சுவர்? நான் எப்போது விழுந்தேன்? முழங்கையில் தழும்பு இருக்கிறது, அது எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

கழுத்து விஷயம் எழுதியிருந்ததை விசிலம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

கொக்கு


ஜூலை 24

கொக்கு,

விளையாடாதே. என்மேல் கோபம் இருந்தால் திட்டு, இப்படியெல்லாம் பயமுறுத்தாதே.

எந்தச் சுவரா? பழைய வீட்டின் பின்பக்கச் சுவர். என் செருப்பைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டது பக்கத்து வீட்டுக்காரன் மகன். நான் அழுததைப் பார்த்துவிட்டு, என் இடுப்பு உயரம்கூட இல்லாத நீ ஏறினாய். செருப்பை எடுத்துவிட்டாய், இறங்கத் தெரியவில்லை. உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினேன். வழியெல்லாம் நீ அழவே இல்லை, 'செருப்பு இருக்காக்கா, செருப்பு இருக்கா' என்று கேட்டுக்கொண்டே வந்தாய். இதைப் போய் மறப்பாயா? உன் தாழ்ந்த முழங்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செருப்புதான் ஞாபகம் வரும். ஒவ்வொரு கைக்கும் 'தூக்கு தூக்கு' என்று கத்தினேனே தவிர, அது மட்டும் நிமிர்ந்துவிட்டால் எனக்கு என்னவோபோல் இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். மாமா காலையில் பம்பைப் போடப் போனபோது கடைசி லேனில் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்ததாம். மற்ற லேனெல்லாம் கண்ணாடி மாதிரி கிடக்கிறது, அது மட்டும் யாரோ நீந்திப் போன மாதிரி பிளந்து பிளந்து சேர்கிறது. பம்பு இன்னும் ஓடவில்லை. வடிகாலில் அடைப்பு, போய்ப் பாருங்கள் என்று விரட்டினேன். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். 'அடைப்பெல்லாம் இல்ல. ஒரு கை நல்லா விழுது, இன்னொரு கை இழுபடுது. எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?' என்றார்.

கண் டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றால் காதைத்தான் காட்டணும் போலிருக்கிறது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனாலும் அன்றிலிருந்து பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை.

இனிமேல் எதையும் விடாதே. ஒழுங்காகப் பழக்கத்தாலேயே திருத்திக்கொள்ளலாம். நான் திருத்துகிறேன். உடனே பதில் போடு.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்கா,

உன் கடிதம் வருவதற்குள் இன்னொன்றும் விட்டுவிட்டேன். பலகையில் நின்று காது கொடுப்பது. இப்போது சைகை வந்ததும் குதித்துவிடுகிறேன். டைமிங் நன்றாக இருக்கிறது. பசி அதிகம் இல்லை. கனவு வருவதில்லை.

அப்பா எப்படி இருக்கிறார்? அவரைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதுவதில்லை. அவருக்கும் என்மேல் கோபமா? போட்டிக்கு அவரையும் கூட்டி வா.

சுவர்க் கதையைப் படித்தேன். நல்ல பிள்ளை போலிருக்கிறது அந்தப் பெண். படிக்கும்போது யாருக்கோ நடந்தது மாதிரித்தான் இருக்கிறது.

அக்கா, இங்கே ஏதோ சரியில்லை. மெல்லத்தான் எனக்குத் தெரிகிறது. தண்ணீருக்கு அடியில் கேமரா வைத்து எடுத்ததைத் தினமும் சாயங்காலம் சுவரில் போட்டுக் காட்டுவார்கள். என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது லேனில் நான் நேராகப் போகிறேன். அந்தப் பக்கம் கடைசி லேனில் இன்னொருத்தி போகிறாள். இடது முழங்கை இழுபடுகிறது. தலை இல்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரவர் படத்திலும் அப்படி ஒன்று இருந்திருக்கும்.

நேற்று ஓட்டக்காரி தன் கட்டில் தலைமாட்டிலிருந்து மகன் படத்தை உரித்து என்னிடம் நீட்டினாள். 'யாரோ மறந்து விட்டுட்டுப் போயிருக்காங்க, உன்னோடதா பாரு' என்றாள். நான் வாங்கி என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அவளுக்கு எப்போதாவது வேண்டியிருக்கும்.

விசில் எதற்கு என்று கோச்சிடம் கேட்டேன். 'விட்டதெல்லாம் தானா ஓடிப்போயிடக் கூடாதுல்ல' என்றார். வேடிக்கையாகச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

எனக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான். கழுத்து. போட்டிக்கு முன்னால் அதையும் விட்டுவிட வேண்டுமாம். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். வீடு எப்படி இருக்கும் என்று மறந்துவிட்டது. உன் குரல்கூட மறந்துவிட்டது. ஆனால் மூன்று கைக்கு ஒருமுறை தலை இடப்பக்கம் எழும்புகிறது, எழும்பும்போது உன் முகம் இருக்கிறது. கேலரியில் நிற்கிற மாதிரி, கோபமாக. வேறு எதுவும் என்னிடம் இல்லை.

அதைக் கற்றுக்கொடுத்தது நீதான், இது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு முதன்முதலில் தண்ணீரில் பயம் வந்தபோது, 'மூணு கைக்கு ஒரு தரம் என்னைப் பாரு. நான் இருக்கேன்னா நீ முழுகமாட்ட' என்று சொன்னாய். சொல்லிவிட்டு அப்புறம் நீயே அதைத் திட்டினாய். இரண்டில் எதைக் கேட்பது?

விடவா, வேண்டாமா? நீ சொல்வதைச் செய்கிறேன். கோச்சாகச் சொல்லாதே.

கொக்கு


ஆகஸ்ட் 20

கொக்கு, என் தங்கமே,

விடாதே. விடாதே. விடாதே.

உன் கடிதம் கையில் கிடைத்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. படகுக்காரர்களைத் தேடிப்பிடித்து மாமா இதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். மெடல் நாசமாகப் போகட்டும். தோற்றுவிட்டு வா. கடைசியாக வா. போட்டி நடுவில் நின்று என்னைத் தேடு, கேலரியில் எழுந்து நின்று கையாட்டுகிறேன், ஊரே சிரித்தாலும் சரி.

அப்பா இறந்துவிட்டார், கொக்கு. உனக்கு இதை இரண்டாவது முறை சொல்லவேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை. அன்றைக்கு உன்னைப் பலகையிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனதும் நான்தான். ஈர உடையோடேயே வந்தாய்.

இப்போது நான் சொல்வதைப் பதறாமல் படி. நானும் பார்த்தேன். நேற்று விடிந்ததும் மாமாவோடு போய் நின்றேன். கடைசி லேனில் ஒரு முழங்கை தாழ்ந்து தாழ்ந்து வந்தது. சுவருக்கு வந்து திரும்பியது. திரும்புவதற்கு முன்னால் ஒரு கணம் அப்படியே நின்றது, யாரோ கூப்பிடுகிறார்களா என்று கேட்பதுபோல. இரண்டடி பின்னால் போய்விட்டேன். ஆனால் ஓடிப்போக மனசு வரவில்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும். நான் முதுகில் தூக்கிக்கொண்டு ஓடிய கை அது.

முகம் இல்லை. முகத்தை நீதான் வைத்திருக்கிறாய். அதைக் கொடுத்துவிடாதே. கழுத்து வளைவது குறையே இல்லை, நான் சொன்னதெல்லாம் வாய்க்கொழுப்பு. அக்காவாகத்தான் சொல்கிறேன்.

எப்படியாவது உன்னைக் கூட்டிவர வழி பார்க்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 1

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் ஆகஸ்ட் 20 அன்று எழுதிய கடிதம் கிடைத்தது. நேரில் கொண்டுவந்த நபரைக் கப்பலில் ஏற அனுமதிக்க முடியவில்லை. அவர் தளத்தில் இருந்த என்னைப் பார்த்து நீண்ட நேரம் கையசைத்தார். யாரென்று தெரியாததால் நான் பதில் அசைக்கவில்லை. அவர் வருந்தியிருந்தால் தெரிவித்துவிடவும்.

கடிதத்தில் 'விடாதே' என்று எழுதியுள்ளீர்கள். எதைக் குறிப்பிடுகிறீர்கள் என்று விளங்கவில்லை. என்னிடம் விட வேண்டியது எதுவும் இப்போது இல்லை. கழுத்து சம்பந்தமான குறையைச் சரிசெய்யுமாறு தாங்களே ஜூன் 19 கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைத் தலைமைப் பயிற்சியாளர் என்னிடம் காட்டினார். தாங்கள் கேட்டுக்கொண்டபடியே செய்யப்பட்டுவிட்டது.

என் பெட்டியில் ஒரு சிறுவனின் படமும் தங்கள் கடிதங்களும் இருந்தன. எனக்குரியவை அல்ல என்பதால் இத்துடன் அனுப்பியுள்ளேன்.

என் உடல்நிலை நன்றாக உள்ளது. எங்கும் வலி இல்லை.

நாலாவது லேன்


செப்டம்பர் 21

உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அதனால் கூப்பிடாமலே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நான் எவ்வளவு அழுதேன் என்பதை எழுதி உபயோகமில்லை, உனக்கு அது ஒரு தகவலாகத்தான் இருக்கும். நான் கேட்டுக்கொண்டபடியே செய்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த கண்ணைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் மாமா பம்ப் அறையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓடினேன். கடைசி லேனில் அவள் வந்துகொண்டிருந்தாள். முழங்கை தாழ்ந்து, மூச்சு வாங்கி, பாவமாக. நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றேன். மூன்றாவது கைக்குத் தலை எழும்பியது. இடப்பக்கம். முகம் இருந்தது.

அவ்வளவு மோசமான நீச்சலை நான் பார்த்ததே இல்லை. நின்று நின்று, என்னைப் பார்த்துப் பார்த்து வந்து சுவரைத் தொட்டாள். 'ரொம்ப தூரம்க்கா' என்றாள். துண்டில் சுற்றித் தூக்கினேன், எலும்பெல்லாம் குளிர்ந்து கிடந்தது.

இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். சுவரிலிருந்து விழுந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, செருப்பின் நிறம்கூடச் சொல்கிறாள். அப்பா இறந்ததற்கு இன்றைக்குத்தான் சேதி வந்த மாதிரி அழுகிறாள். நான் கேலரியில் கத்தியதை மறக்கவே இல்லை, சொல்லிக்காட்டுகிறாள், நானும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஜெயித்தது ஒன்றும் நினைவில்லை. அலமாரியில் இருக்கும் கோப்பைகளைக் காட்டினேன், 'யாரோடதுக்கா இதெல்லாம்?' என்றாள். ஜெயித்ததெல்லாம் உன்னிடம் இருக்கிறது போல. எங்கே உட்கார்ந்தாலும் நாற்காலிக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் தேங்கிவிடும். தலை காய்வதில்லை. ஈரக் காலோடு யாராவது உள்ளே வந்தால் வீட்டை இரண்டாக்கும் மாமா, துணியை எடுத்துவந்து துடைத்துவிட்டுப் போகிறார். சில சமயம் அவளைத் தொடும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டே தொடுகிறேன்.

போட்டிக்கு வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அடம்பிடித்து வந்தாள். தலையில் துண்டைப் போட்டுக் கேலரியில் இடப்பக்கம் உட்காரவைத்தேன்.

உன்னைப் பார்த்தோம். கோச்சாகச் சொல்கிறேன், உன்னிடம் ஒரு குறை சொல்ல எனக்கு வரவில்லை. தண்ணீருக்கே நீ போனது தெரிந்திருக்காது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வருஷக்கணக்காக நான் மனசுக்குள் பார்த்துவைத்திருந்த நீச்சல் அதுதான். என் கை தட்டுவதற்கு எழும்பவில்லை. பக்கத்தில் இருந்தவள் துண்டை உதறிவிட்டு எழுந்து 'இந்தப் பக்கம் பாருடி, இந்தப் பக்கம்' என்று கத்தினாள். நீ தலையைத் திருப்பவில்லை.

உன் கோச் திருப்பினார். எங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே விசிலை வாயில் வைத்தார்.

சத்தம் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. கேலரியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் என் பக்கத்தில் இருந்தவளின் உடம்பிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது, தலையிலிருந்து, சட்டைக்கையிலிருந்து, படிகளில் வழிந்து குளத்தை நோக்கி ஓடியது. நான் பிடித்திருந்த கை என் கைக்குள்ளேயே இளகிக்கொண்டு போனது. முகம் கலங்கியது, கல் விழுந்த தண்ணீர் மாதிரி. அவளை நெஞ்சோடு அணைத்து இரண்டு காதையும் பொத்தினேன். பொத்திக்கொண்டு, அவள் கண்ணை என் முகத்துக்கு நேரே வைத்துச் சொன்னேன்.

'என்னைப் பாரு. நான் இருக்கேன்னா நீ முழுகமாட்ட.'

பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததே அது ஒன்றுதானே. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. கை மறுபடி கையாக ஆனபோது விசிலம்மா திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். நீ மேடையில் நின்று மெடல் வாங்கிக்கொண்டிருந்தாய், கழுத்து நேராக.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தேன். 'எனக்காக இல்லக்கா. அங்க அவளுக்கு யாருமே இல்லையே' என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். கையில் இருப்பவளை நான் விடமாட்டேன், எத்தனை விசில் ஊதினாலும். ஆனால் நீயும் நான் தூக்கி வளர்த்தவள்தான். என் வாயால் கேட்டுத்தான் நீ இப்படி ஆனாய். உனக்கு வலி இல்லை, பசி இல்லை, இந்தக் கடிதத்தையும் உனக்குரியது அல்ல என்று திருப்பி அனுப்புவாய். அனுப்பு. நான் மறுபடி எழுதுவேன். ஓட்டக்காரியின் மகனை விசாரித்து அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன் என்று அவளிடம் சொல், அவள் யாரோ என்று நினைத்தாலும் சொல்.

கடைசி லேனின் கயிற்றைக் கட்டிவிடட்டுமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றேன். அது அப்படியே திறந்து கிடக்கட்டும். குறையையெல்லாம் விட்டு முடித்தவர்களுக்கு விடுவதற்கு இன்னும் ஒன்று இருக்கிறது, அந்த வேகம். ஏதோ ஒரு நாள் அதுவும் உனக்குப் பாரமாக இருந்தால் அதைக் கொண்டுபோய் எங்கே விடவேண்டும் என்று உனக்குத் தெரியும். வழியும் தெரியும், ஒருமுறை வந்த வழிதான்.

மூன்று கைக்கு ஒருமுறை, இடப்பக்கம். தினமும் காலையில் அங்கேதான் நிற்கிறேன், கொக்கு.

அக்கா